பிறர் பொருளுக்குக் கணக்கு, தன் பொருளில் தாராளம்: பாக்தாதின் ஸுதைதா அம்மையார்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருவான்மியூரில் மாலை வேளையில் சிறுமியருக்கு நாம் நடத்தும் பாடத்தில், ஒருநாள் சூரா யூஸுஃபின் ஓரிடத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். சிறையிலிருந்து வெளிவந்த யூஸுஃப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு எகிப்தின் அரசரிடம் கேட்கிறார்கள். அந்தப் பொறுப்புக்குத் தகுதியாக அவர்கள் தம் குலப்பெருமையைச் சொல்லவில்லை. தாம் பேணிக் காப்பவர், அறிந்தவர் என்னும் இரண்டை மட்டுமே சொன்னார்கள். நாம் இவ்வளவு சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

“உஸ்தாத், எங்க அம்மா கம்பெனியில கணக்கு எழுதுறாங்க. அதுக்கும் நன்மை கிடைக்குமா? அது வெறும் துனியா வேலைன்னு நன்னிம்மா சொல்றாங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. அவளுடைய தாயாரை நம் வீட்டார் நன்கு அறிவர். பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, மாலையில் அழைக்காமல் வந்த விருந்தினருக்கும் தட்டு வைக்கும் பெண்மணி. தொழுகையை விடாதவர். அப்படிப்பட்ட தாயின் உழைப்பு அல்லாஹ்விடம் எதில் சேரும் என்பதே பிள்ளையின் கவலை. அன்று நாம் சுருக்கமாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பினோம். அந்தப் பதில் நமக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. வீடு திரும்பியபின் நம் நினைவுக்கு வந்தவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த ஓர் அம்மையார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

கணக்கு என்னும் அமானிதம்

அவரிடம் செல்லுமுன், கணக்கு எழுதுவதை நம் மார்க்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வோம்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் பலருக்கும் விடை தெரிவதில்லை. சூரா பகராவின் 282ஆம் வசனமே அது. அது பேசுவது கடன் கணக்கை எழுதி வைப்பதைப் பற்றி. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவர் அதில் எதையும் குறைத்துவிடக் கூடாது, தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சடைந்துகொள்ளக் கூடாது, எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று அந்த ஒரே வசனம் இத்தனை நெறிகளையும் கற்பிக்கிறது. தொழுகையையும் நோன்பையும் கற்பித்த அதே வேதம், கணக்குப் புத்தகத்தையும் வணக்கத்தின் எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வட்டியை உண்பவரோடு நில்லாமல், அதை எழுதிக் கொடுப்பவரையும் அதற்குச் சாட்சி நிற்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எழுதும் கை வெறும் கருவி என்று தப்பித்துக்கொள்ள இயலாது. பாவத்தில் பங்கு உண்டென்றால், நேர்மையாக எழுதும் கைக்கு நன்மையிலும் பங்கு உண்டு என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

நம் தமிழில் அன்றாடம் புழங்கும் கணக்குச் சொற்களையே பாருங்கள். பாக்கி, வசூல், அசல், வாரிசு ஆகிய இவை யாவும் அரபு வேரிலிருந்து வந்தவை. திருவான்மியூர்ச் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவும் “பாக்கி எவ்வளவு?” என்று கேட்கும்போது, கணக்கெழுதும் அந்த நெடிய மரபின் ஒரு சொல்லையே உச்சரிக்கிறார்.

இரண்டு கட்டளைகள்

ஆனால் ஒரு கேள்வி எழலாம். எழுது, கணக்கு வை என்று ஒருபுறம் கட்டளை. மறுபுறம், அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டாம், அப்படிச் செய்தால் அல்லாஹ்வும் அவருக்கு எண்ணியே தருவான் என்ற கருத்தில் அறிவுறுத்தியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். எண்ணவும் வேண்டும், எண்ணவும் கூடாது என்றால் என்ன பொருள்?

பொருள் எளியது. பிறருக்குச் சேர வேண்டியதில் எண்ண வேண்டும். தனக்கென்று உள்ளதைக் கொடுக்கும்போது எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. கடன், கூலி, மஹர், வாரிசுப் பங்கு, ஜகாத் ஆகிய இவையெல்லாம் பிறரின் உரிமைகள். இவற்றில் ஒரு காசு பிசகினாலும் அது அநீதி. ஸதகாவும் விருந்தும் நம் கையிலிருந்து நாமே மனமுவந்து தருபவை. அவற்றில் கணக்குப் பார்ப்பது கருமித்தனம். துயரம் என்னவென்றால், நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விருந்துக்கு வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம், சகோதரியின் பங்கை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

இவ்விரு கட்டளைகளையும் ஒரே வாழ்வில் நிறைவேற்றிக் காட்டியவர்களுள் முதலிடம் நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு உரியது. வாரிசுப் பங்கீட்டுக் கலையான ஃபராயிள் குறித்து முதுபெரும் ஸஹாபாக்களே அவர்களிடம் வந்து கேட்டதைத் தாம் கண்டதாக தாபிஈன்களில் ஒருவரான மஸ்ரூக் (ரஹ்) கூறியிருக்கிறார்கள். அதே அன்னைக்கு ஒருமுறை ஒரு லட்சம் திர்ஹம் அளவிலான பொருள் அன்பளிப்பாக வந்தது. அன்று அவர்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். மாலைக்குள் அனைத்தையும் பங்கிட்டுக் கொடுத்து முடித்தார்கள். நோன்பு திறக்க இறைச்சி வாங்க ஒரு திர்ஹமாவது வைத்திருக்கலாமே என்று பணிப்பெண் கேட்டபோது, முன்பே நினைவூட்டியிருந்தால் வைத்திருப்பேனே என்ற கருத்தில் மறுமொழி தந்தார்கள். பிறர் பங்கைக் கணக்கிடுவதில் ஸஹாபாக்களுக்கே ஆசிரியை. தம் பங்கைக் கொடுப்பதில் தம் பசியையும் மறந்தவர்.

ஸுதைதா அம்மையார்

இந்த மரபில் வந்தவரே நாம் சொல்லவந்த அம்மையார். இயற்பெயர் அமதுல் வாஹித். ‘ஒருவனாகிய இறைவனின் அடியாள்’ என்பது அதன் பொருள். மக்கள் அவரை ஸுதைதா என்று அழைத்தனர். பெண்களை மரியாதையாகக் குறிக்கும் ‘ஸித்’ என்ற சொல்லின் செல்லவடிவம் அது. நம் வீடுகளில் ‘சின்னம்மா’ என்று வாஞ்சையோடு அழைப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

தந்தையார் காளி ஹுஸைன் இப்னு இஸ்மாயீல் அல்மஹாமிலீ (ரஹ்). ஹிஜ்ரி 235இல் பிறந்து 330இல் மறைந்தவர். கூஃபா நகரின் நீதிபதியாக அறுபது ஆண்டுகள் பணியாற்றியவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹதீஸ் கலையின் மேதையான இமாம் தாரகுத்னீ (ரஹ்) அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர். ‘மஹாமில்’ என்பது ஒட்டகத்தின்மீது வைத்துப் பயணம் செய்யும் சிவிகைகளைக் குறிக்கும். அத்தொழிலிலிருந்து வந்த பெயரே ‘மஹாமிலீ’. தொழிலின் பெயரை மறைக்காமல் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அறிஞர்களைத் தந்தது.

அந்த வீட்டில் வளர்ந்த ஸுதைதா திருக்குர்ஆனை மனனம் செய்தார். தந்தையிடமும் வேறு அறிஞர்களிடமும் ஹதீஸ் கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டக்கலையில் தேர்ந்தார். அரபு இலக்கணம் கற்றார். இவற்றோடு ஃபராயிளும் ஹிஸாபும் அவருடைய சிறப்புக் கலைகளாயின. ஹிஸாப் என்றால் கணக்கியல். அக்காலத்தின் பெரும் ஷாஃபிஈ அறிஞரான அபூ அலீ இப்னு அபீ ஹுரைரா (ரஹ்) அவர்களோடு இணைந்து அவர் ஃபத்வா வழங்கினார் என்று அபூபக்ர் அல்பர்கானீ (ரஹ்) சான்று பகர்கிறார். ஹஸன் இப்னு முஹம்மத் அல்கல்லால் (ரஹ்) போன்ற ஆண் அறிஞர்கள் அவரிடமிருந்து ஹதீஸை அறிவித்தனர். கதீப் அல்பக்தாதீ, இப்னுல் ஜவ்ஸீ, இப்னு கஸீர் (ரஹ்) ஆகிய வரலாற்றாசிரியர்கள் மூவரும் தத்தம் நூல்களில் அவருக்கு இடமளித்துள்ளனர்.

அவர்கள் எழுதியிருப்பது சில வரிகளே. ஆனால் அந்தச் சில வரிகளில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கணக்கில் அவருக்கிருந்த தேர்ச்சியைச் சொன்ன அதே மூச்சில், அவர் மிகுதியாக ஸதகா கொடுப்பவர், நற்செயல்களுக்கு விரைந்து செல்பவர் என்ற செய்தியையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. கணக்கறிந்தவர் கருமியாக இருப்பார் என்று நாம் நினைக்கும் நினைப்பை அந்த வரிகள் உடைக்கின்றன. ஹிஜ்ரி 377இல், கி.பி. 987 அளவில், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார். அவருடைய மகனார் காளியாக விளங்கினார். அந்த மகனாரின் மகன், ‘அல்லுபாப்’ என்ற ஷாஃபிஈ சட்டநூலை எழுதிய அபுல் ஹஸன் அல்மஹாமிலீ (ரஹ்). ஒரு பெண் கற்ற கல்வி எத்தனை தலைமுறைக்குப் பாயும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவர் கணக்கிட்டது எதை?

ஃபராயிளுக்கு ஏன் இவ்வளவு கணக்கறிவு தேவைப்பட்டது என்று நம் இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். திருக்குர்ஆனின் சூரா நிஸாவில் 11, 12, 176 ஆகிய வசனங்கள் வாரிசுப் பங்குகளை விவரிக்கின்றன. அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று ஆறு பின்னங்கள் அங்கே வருகின்றன. யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்பதைப் பொறுத்து ஒவ்வொருவரின் பங்கும் மாறும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு மறைகிறார். அடக்கச் செலவும் கடனும் செலுத்தி, வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அதையும் நிறைவேற்றிய பின் 32 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். மனைவிக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. அது 4 லட்சம். எஞ்சிய 28 லட்சத்தில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. எனவே மகனுக்கு 14 லட்சம், மகள்களுக்குத் தலா 7 லட்சம். மனைவிக்கு மஹர் கொடுக்கப்படாமல் நின்றிருந்தால் அது கணவரின் கடன். அந்தக் கடன் இந்தப் பங்கீட்டுக்கு முன்பே தனியாகக் கொடுக்கப்பட வேண்டும். அந்த 4 லட்சத்தில் அதைச் சேர்த்துக் கழித்துவிட முடியாது.

இது எளிய கணக்கு. இனிக் கடினமான ஒன்று. ஒரு பெண் பிள்ளைகளோ பெற்றோரோ இல்லாமல், கணவரையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டு மறைகிறார். கணவருக்கு அரை, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. இரண்டையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. ஆறில் மூன்றும் ஆறில் நான்கும் சேர்ந்து ஏழாகிறது. இத்தகைய வழக்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் எழுந்தபோது ஸஹாபாக்களுடன் கலந்து ஆலோசித்து, சொத்தை ஏழாகவே பகுத்து, கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்குமாகக் கொடுத்தார்கள். குறைவு அனைவர்மீதும் அவரவர் விகிதப்படி விழுந்தது. எவரும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படவில்லை. ஃபராயிள் கலையில் இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர்.

இப்படிப்பட்ட தேவைகளுக்காகவே முஸ்லிம் அறிஞர்கள் கணிதத்தை வளர்த்தனர். பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ தம் புகழ்பெற்ற அல்ஜப்ர் நூலின் பெரும் பகுதியை வாரிசுரிமைக்கும் வஸிய்யத்துக்கும் உரிய கணக்குகளுக்கே ஒதுக்கினார். ‘அல்ஜப்ரா’ என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதன் பெயர் அந்நூலிலிருந்து வந்ததே. ஸுதைதா அம்மையாரின் காலத்திலேயே அதே நகரில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ, எழுத்தர்களும் அலுவலர்களும் அறிய வேண்டிய கணக்கைப் பற்றித் தனிநூல் எழுதினார்.

ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு பெண், அண்ணன் சொன்ன பங்கு சரியா என்று அறியாத ஒரு தங்கை, தகப்பனில்லாப் பிள்ளையின் தாய் ஆகியோருக்குத் தம் உரிமை எவ்வளவு என்று கேட்க அந்த நகரில் ஒரு பெண் அறிஞர் இருந்தார். அவர் சொல்லும் எண்ணுக்கு ஃபத்வாவின் கனம் இருந்தது. பின்னங்களைக் கூட்டும் அந்தக் கைக்கு எத்தனை வீடுகளின் நீதி கட்டுப்பட்டிருந்திருக்கும்!

நம் சென்னையின் கடற்கரையில்

பாக்தாத் தொலைவு, காலமும் தொலைவு என்று தோன்றினால், அருகிலேயே ஒரு வாழ்வைக் காட்டுகிறோம். திருவான்மியூரில் பறக்கும் ரயிலில் ஏறினால் சில நிலையங்கள் கடந்து கலங்கரை விளக்கம் வரும். அங்கே மெரினாவை நோக்கி நிற்கிறது ராணி மேரி கல்லூரி. 1907இல் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார் அங்கே பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். எனினும் நேர்மை எங்கே தென்பட்டாலும் அதை மதிப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு.

இளம் விதவைகளின் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்புலட்சுமியின் நிழலில் வளர்ந்தவர் சிவபோகம். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையில் இருந்தார். பின் கணக்கியலைக் கற்று, 1933இல் அரசாங்கக் கணக்கியல் பட்டயத் தேர்வில் வெற்றிபெற்றார். அத்தேர்வில் தேறிய முதல் பெண் அவரே. ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவுசெய்துகொள்ள இயலாதபடி ஒரு சட்டம் குறுக்கே நின்றது. அவர் அதை எதிர்த்து வழக்காடி வென்று, 1937இல் தம் தொழிலைத் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இவ்வளவு உயர்ந்தும் காந்தியடிகளின் வழிநின்று கதராடையையே உடுத்தினார். பட்டயக் கணக்காளர் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கென 1956இல் ஒரு பரிசையும் ஏற்படுத்தினார். 1966இல் மறைந்தார். பிறர் கணக்கில் கண்டிப்பு, தமக்கென எளிமை, பின்வரும் பெண்களுக்குத் தாராளம் என்ற அதே குணத்தை இங்கும் காண்கிறோம்.

அவர் தொழிலைத் தொடங்கிய அதே 1937ஆம் ஆண்டில் நம் சமுதாயத்தைத் தொட்ட இன்னொன்றும் நிகழ்ந்தது. முஸ்லிம் தனியார் சட்டம் (ஷரீஅத்) செயலாக்கச் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. மகள்களுக்குப் பங்கு மறுத்த ஊர்வழக்கங்கள் பல பகுதிகளில் முஸ்லிம்களிடையிலும் இருந்தன. அவற்றை விலக்கி, வாரிசுரிமையில் ஷரீஅத்தையே நிலைநிறுத்த அச்சட்டம் வழிவகுத்தது. முதலில் விவசாய நிலம் அதன் வரம்புக்கு வெளியே இருந்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. ஆக, குர்ஆன் பங்கு தந்தது. நாட்டின் சட்டமும் அதை ஏற்றது. எஞ்சியிருப்பது நம் வீட்டுக் கணக்குப் புத்தகம் மட்டுமே.

நம் வீடுகளில்

அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே நமக்கு மனம் கூசுகிறது. “அவளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே, இனி என்ன பங்கு?” என்ற பேச்சை நாம் கேட்காத ஊர் இல்லை. தந்தை வாழும் காலத்தில் மகளுக்குத் தந்தது அன்பளிப்பு. அவர் மறைந்தபின் அவளுக்கு வருவது அல்லாஹ் விதித்த பங்கு. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது. தந்தை மறைந்து பத்தாண்டு கழிந்தும் பங்கிடாமல், வாடகையை ஒருவரே அனுபவித்துவருவதும் நடக்கிறது. தங்கை கேட்டால் அண்ணன் உறவு முறியும் என்று அவள் வாய்மூடி இருக்கிறாள். அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். மறுமையில் அது எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் நடுக்கம் வருகிறது.

இதே வீடுகளில் விருந்துக்குக் குறைவில்லை. நோன்புக் கஞ்சியும் பிரியாணியும் தெருவெல்லாம் போகும். அது நல்லதே. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் சகோதரியின் பங்கிலிருந்து சமைத்த பிரியாணி யாருடைய விருந்து? ஸுதைதா அம்மையாரின் ஸதகாவுக்கு வரலாற்றில் ஒளி கிடைத்தது, அவர் முதலில் ஒவ்வொருவரின் பங்கையும் அவரவரிடம் சேர்ப்பிக்கும் கலையை வாழ்க்கையாகக் கொண்டிருந்ததால்தான் என்று நாம் கருதுகிறோம்.

எனவே பெற்றோருக்குச் சில சொற்கள். மகள் வணிகவியல் படிக்க விரும்பினால், கணக்காளராக விரும்பினால், மார்க்க வரம்பைப் பேணிக்கொண்டு அவள் படிக்கட்டும். அதோடு ஃபராயிளையும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். பின்னம் தெரிந்த எந்தப் பெண்ணும் சில மாதங்களில் அதன் அடிப்படையைக் கற்றுவிட முடியும். வீட்டில் ஒரு ஏடு வையுங்கள். யாருக்கு எவ்வளவு கடன், மஹரில் எவ்வளவு நின்றிருக்கிறது, ஜகாத் ஆண்டு எந்த நாளில் நிறைகிறது என்பதை அதில் எழுதுங்கள். மௌத் நிகழ்ந்த வீட்டில் துக்கம் ஆறியதும் பங்கீட்டைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண் அந்த வீட்டில் இருந்தால், பேசத் தயங்கும் இன்னொரு பெண்ணின் உரிமை காக்கப்படும்.

சிறுமிக்குச் சொன்ன பதில்

அடுத்த வகுப்பில் அந்தச் சிறுமியை அழைத்து, சூரா யூஸுஃபில் நாம் நிறுத்திய இடத்திலிருந்து நான்கு வசனம் தள்ளி ஓதச் சொன்னோம். பஞ்சத்தால் வாடிய சகோதரர்கள் தானியம் வாங்க எகிப்துக்கு வருகிறார்கள். தம்மைக் கிணற்றில் தள்ளியவர்கள் அவர்கள்தாம் என்பதை யூஸுஃப் (அலை) அறிந்துகொள்கிறார்கள். தாம் யாரென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களின் சுமைகளை நிறைத்துக் கொடுத்த பின் தம்மைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறார்கள். தாம் அளவை நிறைவாகக் கொடுப்பவர் என்பது ஒன்று. விருந்தோம்புவோரில் தாம் சிறந்தவர் என்பது மற்றொன்று.

அவள் ஓதி முடித்ததும் நாம் சொன்னோம்: “பார்த்தாயா மகளே, சரியாக அளப்பதும் வந்தவரை உபசரிப்பதும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நபி தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்தவை இவ்விரண்டும். உன் அம்மா பகலில் ஒன்றைச் செய்கிறார், மாலையில் மற்றொன்றைச் செய்கிறார். நிய்யத்தை அல்லாஹ்வுக்காக வைத்துக்கொண்டால் இரண்டுமே எழுதப்படும். இதை உன் நன்னிம்மாவிடமும் மரியாதையாகச் சொல்.”

அவள் தலையசைத்துவிட்டு, வசன எண்ணைத் தன் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். 59 என்று.

யா அல்லாஹ்! அமதுல் வாஹித் அம்மையாரின் கப்றை ஒளிமயமாக்குவாயாக. நேர்மையாகக் கணக்கெழுதி, ஹலாலான உழைப்பில் விருந்தோம்பும் எங்கள் தாய்மார்களின், சகோதரிகளின் அமல்களை ஏற்றுக்கொள்வாயாக. பிறர் பங்கை விழுங்கும் பாவத்திலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாயாக. கணக்குக் கேட்கப்படும் அந்நாளில் எங்கள் கணக்கை இலகுவாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.